ஆண்டாள் ஊரில் ராஜா பாட்டு

2024 டிசம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் விடிந்தால் மார்கழி ஒன்று. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் ஆடிப்பூரக் கொட்டகையில் அன்று நடந்தது, இந்த ஊர் ரசிகர்கள் எத்தனையோ காலமாக மனசுக்குள் ஆசைப்பட்ட ஒன்று. ஆழ்வார் பாசுரங்களுக்குத் தான் இசையமைத்த ‘திவ்ய பாசுரங்கள்’ தொகுப்போடு, ஆண்டாள் பிறந்த மண்ணுக்கே இளையராஜா வந்திருந்தார். அந்தப் பாட்டுகளுக்கு நாட்டியாஞ்சலி. பெரியாழ்வார் பூப்பறித்த ஊரில், அவர் மகள் பாடிய ஊரில், ராஜாவின் மெட்டு. இதைவிடப் பொருத்தமான மேடை எந்த ஆல்பத்துக்கு அமையும்?

ஆனால் மறுநாள் நாடு முழுக்கப் பேசியது வேறு விஷயத்தை. ஜீயர்களோடு தரிசனத்துக்குப் போன இளையராஜா, அர்த்த மண்டப வாசல் வரை சென்றார். அங்கே, வெளியே நின்று தரிசிக்கும்படி அவரிடம் சொல்லப்பட்டது. அவரும் வெளியே வந்து நின்று கும்பிட்டார். அந்தச் சில நிமிடக் காட்சி வீடியோவாகக் கிளம்பி, ராத்திரிக்குள் ஊர் ஊராகப் பரவிவிட்டது. ஆண்டாளும் ரெங்கமன்னாரும் எழுந்தருளியிருக்கும் அந்த மண்டபத்துக்குள் அர்ச்சகர், பரிசாரகர், மடாதிபதிகள் தவிர வேறு யாரும் போவதில்லை, அதுதான் இந்தக் கோயிலின் நடைமுறை என்று அறநிலையத்துறை விளக்கம் கொடுத்தது. தன்னைப் பற்றிப் பொய்ச் செய்தி பரப்புகிறார்கள், எந்த இடத்திலும் தன்மானத்தை விட்டுக்கொடுக்கிறவன் தான் இல்லை, ரசிகர்கள் வதந்தியை நம்ப வேண்டாம் என்ற பொருளில் இளையராஜாவே எழுதினார்.

அந்த வாரம் முழுக்க டீக்கடையிலும் பஸ்ஸிலும் இதே பேச்சுதான். ராஜபாளையம் போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார்: “அண்ணாச்சி, கோயில்ல என்னதான் நடந்துச்சு? நீங்க இருந்தீகளாமே?” இருந்தேன் என்றேன். “பாட்டு எப்படி இருந்துச்சு?” என்று அவர் கேட்கவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். யாருமே கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேட்கப்படாத கேள்விக்கு ஒரு ரசிகனின் பதில்.

அதற்கு முன் அந்த வாசல்படியைத் தாண்டித்தான் போக வேண்டும். சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. அது எல்லோருக்கும் பொதுவான நடைமுறையாகவே இருக்கலாம். வேறொருவர் போயிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த வீடியோவைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பிய இளையராஜாவின் குடும்பம் எப்படிப்பட்ட வாசல்களைக் கடந்து வந்தது என்று தமிழ்நாட்டுக்குத் தெரியும். வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தது 1939 ஜூலை 8-இல். நூறு வருஷம்கூட ஆகவில்லை. அந்த நினைவு ஆறாத நாட்டில், ‘வெளியே நில்லுங்கள்’ என்பதை எவ்வளவு மரியாதையாகச் சொன்னாலும் அது சுடத்தான் செய்யும். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தில் ஒரு நிலையைக் கட்டும் செலவை ஏற்ற மனிதரிடம் சொல்லும்போது இன்னும் கொஞ்சம் சுடும்.

இதில் எனக்கு ஆறுதலும் அந்தப் பாசுரங்களுக்குள்ளேயேதான் கிடைத்தது. நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தில் பத்தே பாட்டுப் பாடி ஆழ்வாராக நிற்பவர் திருப்பாணாழ்வார். பாணர் குலம். கையில் யாழ். அரங்கன் கோயிலுக்குள் நுழைய முடியாமல் காவிரிக் கரையில் நின்றே பாடிக்கொண்டிருந்தவர். அவர்மேல் கல் எறிந்த லோகசாரங்க முனிவரே பிறகு அவரைத் தோளில் சுமந்துகொண்டு சந்நிதிக்குள் போக வேண்டி வந்தது என்று குருபரம்பரைக் கதை சொல்கிறது. ஒரு இசைக்காரனை வெளியே நிறுத்தியது தப்பு என்று பெருமாளே தீர்ப்புச் சொன்ன மரபு இது. வைணவம் அந்தக் கதையை மறைக்கவில்லை. பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. சொல்லிக்கொள்கிறவர்களும் கேட்கிறவர்களும் அதை மறக்காமல் இருந்தால் போதும்.

சரி, பாட்டுக்கு வருவோம்.

மில் சங்கும் மார்கழி ஸ்பீக்கரும்

ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் பெயருக்குத்தான் இரண்டு ஊர். காலையில் இங்கிருந்து அங்கே வேலைக்குப் போகிற கூட்டம், சாயங்காலம் அங்கிருந்து இங்கே கோயிலுக்கு வருகிற கூட்டம். அங்கே பஞ்சாலைகள், பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிகள். இங்கே கோயில், கைத்தறிச் சேலை, பால்கோவா. மில் மூன்று ஷிப்ட் ஓடுகிற ஊரில் தூக்கத்துக்கு நேரம் காலம் கிடையாது. பாட்டுக்கும் கிடையாது. ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்காக விடிகாலையில் டீக்கடை திறந்திருக்கும். அங்கே டேப்ரிக்கார்டரில் ராஜா பாடிக்கொண்டிருப்பார்.

1976-இல் ‘அன்னக்கிளி’ வந்ததற்குப் பிறகு இந்தப் பகுதியில் வளர்ந்த யாருக்கும் இளையராஜாவைத் தனியாக அறிமுகம் செய்ய வேண்டியிருக்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் தேனி மாவட்டம், இந்தப் பக்கம் நாங்கள். அவர் அண்ணன் பாவலர் வரதராசன், கட்சி மேடைகளுக்காகத் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு தென்மாவட்டங்களில் அலைந்து பாடியவர். அதே வெயில், அதே கரிசல், அதே கோயில் கொடைக் கொட்டு. அதனால்தானோ என்னவோ, அவர் பாட்டை எங்கள் பக்கத்துப் பாட்டு என்றே நாங்கள் உரிமை கொண்டாடினோம்.

கேசட் காலத்து ரசிகர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். அறுபது, தொண்ணூறு நிமிஷக் காலி கேசட் வாங்கி, பிடித்த பாட்டுகளை ஒரு வெள்ளைத்தாளில் வரிசை போட்டு எழுதி, ரிக்கார்டிங் கடையில் கொடுத்துவிட்டு வருவோம். ஏ பக்கம் சோகம், பி பக்கம் டூயட் என்று பிரித்துக் கொடுக்கிற ஆட்கள் உண்டு. கடைசியில் ரெண்டு நிமிஷம் மிச்சம் இருந்தால் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு ஒரு பாட்டின் முன்னிசையை மட்டும் போட்டு நிரப்பிவிடுவார். அப்படி அரையும் குறையுமாகக் கேட்ட முன்னிசைகள்தான் எங்களுக்குக் காதைத் திறந்துவிட்டன. பாட்டுக்கு நடுவே பேஸ் கிடார் தனியாக ஒரு கதை சொல்கிறது, வயலின்கள் வேறொரு கதை சொல்கின்றன என்று பிரித்துக் கேட்கப் பழகியது அங்கேதான். ஸ்வரம் தெரியாத, ராகம் தெரியாத மில் தொழிலாளிகளும் ஆட்டோக்காரர்களும் இங்கே இடையிசையை வாயாலேயே வாசித்துக் காட்டுவார்கள்.

அதே காதுக்குள் வருஷத்தில் ஒரு மாதம் வேறொரு இசை வந்து விழும். மார்கழி விடியலில் கோயில் ஸ்பீக்கரில் எம்.எல்.வசந்தகுமாரியின் திருப்பாவை. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் முப்பது பாசுரத்துக்கும் ராகம் அமைத்தார். முதல் பாட்டு நாட்டை, மூன்றாவது ஆரபி, நான்காவது வராளி, ஏழாவது பைரவி, கூடாரைவல்லி நாளில் பாடுகிற இருபத்தேழாவது பூர்விகல்யாணி. இந்தப் பெயரெல்லாம் தெரியாமலேயே, எந்தப் பாட்டு எப்படி எழும்பும் என்று ஊருக்கு மனப்பாடம். போர்வைக்குள் படுத்துக்கொண்டே இன்றைக்கு மார்கழி எத்தனை என்று ராகத்தை வைத்துச் சொல்லிவிடுகிற பாட்டிகள் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் திருப்பாவை ஒப்பித்தல் போட்டி வைத்தால், பிள்ளைகள் ஒப்பிக்க மாட்டார்கள். எம்.எல்.வி. மாதிரியே இழுத்துப் பாடிவிட்டு இறங்குவார்கள்.

ஆக, ‘திவ்ய பாசுரங்கள்’ இந்த ஊருக்கு வந்தபோது, ஏற்கெனவே இரண்டு இசையால் நிரம்பிய காதுகளுக்குள் வந்தது. வேறு ஊர் ரசிகனுக்கு இது ராஜாவின் இன்னொரு பக்தி ஆல்பம். எங்களுக்கு, நாங்கள் தனித்தனியாக வைத்திருந்த இரண்டு உலகங்களை ஒரே மனிதர் ஒன்றாக்கிக் காட்டிய நாள்.

மெட்டுக்கு அடங்காத பாட்டு

பாசுரத்துக்கு மெட்டுப் போடுவது லேசான காரியம் இல்லை. திருப்பாவையையே எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது பாட்டும் எட்டடிக் கொச்சகக் கலிப்பா. முப்பதுக்கும் முடிவு ஒன்றே. சினிமாப் பாட்டுக்குப் பல்லவி உண்டு, சரணம் உண்டு, நடுவில் மூச்சு விட இடையிசை உண்டு. பாசுரத்தில் திரும்பி வருகிற பல்லவியே கிடையாது. எட்டு அடியும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போய்க் கடைசியில்தான் முடிச்சு விழும். நடுவில் வெட்டி இசையை நுழைத்தால் பொருள் அறுந்து தொங்கும். நுழைக்காமல் விட்டால் செய்யுள் வாசிப்பு மாதிரி ஆகிவிடும். அரியக்குடி இதைக் கர்நாடக இசையின் கட்டுக்குள் நின்று தீர்த்தார். சினிமாவில் வளர்ந்த இசையமைப்பாளருக்கு அந்த வழி மட்டும் போதாது.

இளையராஜாவுக்கு ஆண்டாள் புதுசு இல்லை. நாச்சியார் திருமொழியின் ஆறாம் பதிகம், தோழியிடம் ஆண்டாள் தன் கல்யாணக் கனவைச் சொல்கிற ‘வாரணமாயிரம்’, இன்றைக்கும் வைணவக் கல்யாண வீடுகளில் பாடப்படுவது. அதை 1990-இல் ‘கேளடி கண்மணி’யில் எஸ்.ஜானகியைப் பாட வைத்தார். பத்து வருஷம் கழித்து, 2000-இல், ‘ஹே ராம்’ படத்தில் அதே பதிகத்தை விபா சர்மாவின் குரலில் வேறு ஒரு உலகத்துக்குக் கொண்டுபோனார். ஒரே சொற்கள், ஒரே இசையமைப்பாளர், இரண்டு வேறு வேறு பெண்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால், ஒரு பழைய செய்யுளுக்குள் எத்தனை அறை இருக்கிறது என்பது விளங்கும். என்னைக் கேட்டால் ‘ஹே ராம்’ பாட்டுத்தான் ஒரு படி மேல். ஜானகி ரசிகர்கள் சண்டைக்கு வரலாம். வரட்டும்.

அதற்குப் பிறகு 2005-இல் திருவாசகம். புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசிக்க, மாணிக்கவாசகரின் சொல்லை அவர் ஆரட்டோரியோ வடிவத்துக்குக் கொண்டுபோனார். ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகள் நடுவே வந்தன. அது வந்தபோது எங்கள் ஊர் ரசிகர் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது நன்றாக நினைவிருக்கிறது. சிவபுராணத்தைக் கோயிலில் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த இங்கிலீஷ் வரிகள் தொண்டையில் முள் மாதிரி நின்றன. எனக்கோ அந்த இருபது நிமிஷச் சிவபுராணப் பாட்டுக்குள் போனால் திரும்பி வர மனசு இருக்காது. ஒரு பக்கம் ஹங்கேரியக் குழு, மறு பக்கம் பண்ணைப்புரத்துக் குரல். நடுவில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழசான ஒரு தமிழ் அழுகை. அந்தக் குரலில் சங்கீதக்காரர்கள் ஆயிரம் குறை சொல்லலாம். அந்த அழுகைக்கு அந்தக் குரல்தான் வேண்டும்.

திருவாசகத்தையும் ‘திவ்ய பாசுரங்க’ளையும் சேர்த்து வைத்து யோசிக்கும்போது எனக்குத் தைவான் பாடகி தெரசா டெங் நினைவு வருவதுண்டு. மாண்டரின் பாப் இசையில் அவரை மிஞ்சிய பெயர் இல்லை. 1995-இல், நாற்பத்திரண்டு வயதில் காலமானார். காதல் பாட்டுப் பாடியே சீனம் பேசுகிற உலகம் முழுக்கப் புகழ்பெற்றவர், 1983-இல் ஒரு வித்தியாசமான ஆல்பம் வெளியிட்டார். பன்னிரண்டு பாட்டு. பன்னிரண்டும் சீனாவின் சோங் அரசர் காலத்தையும் அதற்குச் சற்று முந்தின காலத்தையும் சேர்ந்த பழங்கவிதைகள். அதில் ஒன்று சூ ஷி என்ற கவிஞர், 1076-ஆம் வருஷத்து இலையுதிர்காலப் பௌர்ணமியில், தூரத்தில் இருக்கும் தம்பியை நினைத்து எழுதியது. ஒன்பது நூற்றாண்டுக்கு முந்தின அந்தக் கவிதைக்கு நம் காலத்து மெட்டு ஒன்று. இன்றைக்குச் சீனக் குழந்தைகளுக்கு அந்தக் கவிதை மெட்டோடுதான் நினைவில் நிற்கிறது. பின்னால் பாடகி ஃபே வோங் அதை மறுபடி பாடினார். அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. தெரசா டெங்கின் ரசிகர்களும் முதலில் அந்த ஆல்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ‘நம்ம ஆள் ஏன் இதைப் பாடுகிறார்’ என்று யோசித்திருப்பார்கள்தான். பிடித்த பாடகர் நம் பழக்கத்தை விட்டு விலகிப் போகும்போது, கூடவே போவதா நிற்பதா என்று ஒரு ரசிகன் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. நான் கூடவே போகிற ஜாதி.

தினமும் புதுக் கிளி

“பாசுரத்துக்கு என்று ஒரு முறை இருக்கிறதே, சினிமாக்காரர் எதற்குக் கை வைக்கிறார்” என்று கேட்கிறவர்கள் இங்கே உண்டு. அவர்கள் அக்கறையை நான் மதிக்கிறேன். அவர்களுக்கு என் பதில் ஆண்டாளின் இடது கையில் இருக்கிறது.

ஆண்டாள் கையில் இருக்கும் கிளியை எல்லோரும் பார்த்திருப்போம். அது கல்லோ தங்கமோ இல்லை. தினமும் இலையாலும் பூவாலும் புதிதாகக் கட்டுகிறார்கள். உடம்புக்கு மரவள்ளி இலை. மூக்குக்கு மாதுளம்பூ. கண்ணுக்குக் காக்காப்பொன். எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துவது வாழைநார். ஒரு கிளி கட்டி முடிக்க மணிக்கணக்கில் ஆகும். இலையைச் சரியான ஈரத்தில் எடுக்க வேண்டும். வாடினால் மடங்காது, முறுக்காக இருந்தால் கிழியும். அவ்வளவு பாடுபட்டுக் கட்டியதை மறுநாள் பக்தர் யாருக்காவது கொடுத்துவிட்டு, அடுத்த கிளிக்கு இலை பறிக்கப் போவார்கள். பரம்பரை பரம்பரையாக இதுதான் கைங்கரியம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பழமை என்றால், நேற்றுச் செய்ததை இன்றைக்குப் புதிதாகச் செய்வது. பாட்டுக்கும் அதே நியாயம்தான்.

நாதமுனிகள் ஆழ்வார் பாசுரங்களைத் தேடிக் கண்டெடுத்துத் தொகுத்ததோடு நிற்கவில்லை. தன் மருமக்கள் இருவருக்கு அவற்றை இசையோடு கற்றுக் கொடுத்தார் என்பது மரபு. அப்படிப் பார்த்தால் திவ்யப் பிரபந்தத்தின் முதல் இசையமைப்பாளர் அவர்தான். அந்த வழியில் வந்த அரையர் சேவை இன்றைக்கும் நடக்கிற மிகச் சில தலங்களில் ஸ்ரீவில்லிபுத்தூரும் ஒன்று. தலையில் கூம்புக் குல்லாய், கையில் தாளம், பாட்டு, அபிநயம், வியாக்கியானம். மார்கழியில் ஒரு தடவையாவது வந்து பாருங்கள். ஆரவாரமே கிடையாது. ஒரு சொல்லை எடுத்து, கையால் காட்டி, திருப்பித் திருப்பிச் சொல்லி, அதன் பொருளை வெளியே கொண்டுவருவார்கள். இசை சொல்லுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை அங்கே பார்க்கலாம்.

கோயிலில் இது ஒருபுறம் நடக்க, ஆண்டாளை மற்றவர்களும் தங்கள் மொழியில், தங்கள் வடிவத்தில் பாடிக்கொண்டேதான் இருந்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் ‘ஆமுக்தமால்யதா’ எழுதினார். ஒரு பேரரசர் தன் காவியத்துக்குக் களமாக எடுத்துக்கொண்டது இந்தச் சின்ன ஊரையும் இந்தப் பெண்ணையும். தெலுங்கு பேசும் ராஜாக்கள் நிறைந்த ராஜபாளையத்தில் வீட்டுக்கு வீடு ஒரு கோதையோ ஆண்டாளோ இருப்பார். அரையர், ராயர், அரியக்குடி, எம்.எல்.வி., இப்போது இளையராஜா. இந்த வரிசையில் அவர் நிற்பதை யாரும் சலுகையாகக் கொடுக்க வேண்டியதில்லை.

கொட்டகையில் கேட்டது

அன்று கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோது என் மனசுக்குள் ஒரு பயம் இருந்தது. ராஜாவின் பலமே இடையிசை. பாசுரத்தில் அதை அள்ளிக் கொட்டினால் ஆண்டாள் காணாமல் போய்விடுவாளே என்று. அந்தப் பயம் வீண். சொல் தெளிவாகக் காதில் விழுகிறது. உச்சரிப்பைக் கரைத்துவிடுகிற இசை இல்லை இது. என்ன சொல்கிறார்கள் என்பது புரியாமல் ஒரு வரியும் நழுவிப் போகவில்லை. எம்.எல்.வி.யைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, பழகிய சொல் பழகாத திசையிலிருந்து வரும்போது முதலில் ஒரு திடுக்கிடல். அடுத்த அடியிலேயே அது ஆசையாக மாறிவிடுகிறது. இத்தனை வருஷம் வாயில் உருட்டிய வரிக்கு இப்படி ஒரு அர்த்தமா என்று நின்று யோசிக்க வைக்கிற இடங்கள் உண்டு. பாட்டுக் கேட்பதில் எனக்குத் தெரிந்த பெரிய சுகம் இதுதான்.

குறையும் உண்டு. நாட்டியம் அழகாகவே இருந்தது. ஆனால் கண் ஆட்டத்தில் ஓடும்போது காது பாதியில் நின்றுவிடுகிறது. இது கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டிய இசை. விழாக் கூட்டத்தின் சலசலப்பு, நீட்டிய செல்போன்கள், நடுநடுவே எழுந்து போகிறவர்கள் எல்லாம் சேர்ந்து பாதியைத் தின்றுவிட்டன. அதற்குப் பிறகு வீட்டில் ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டபோதுதான் பாட்டுகள் முழுசாக என்னிடம் வந்து சேர்ந்தன. இன்னொரு குறை ரசிகர்களாகிய நம்மிடம் இருக்கிறது. எண்பதுகளின் பாட்டை ஆயிரம் தடவை கேட்போம். எண்பது வயதில் அவர் செய்ததை ஒரு தடவை போட்டுவிட்டு, பழைய மாதிரி இல்லை என்று தள்ளிவிடுவோம். 1986-இல் ‘ஹவ் டு நேம் இட்’ வந்தபோதும், 1988-இல் ‘நத்திங் பட் விண்ட்’ வந்தபோதும் இதேதான் நடந்தது. இன்றைக்கு அவற்றைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம். ஒரு ஆல்பத்தைக் கொண்டாட முப்பது வருஷம் காத்திருக்க வேண்டுமா?

‘திவ்ய பாசுரங்க’ளைக் கேட்கும்போதெல்லாம் என்னால் தவிர்க்க முடியாத நினைப்பு ஒன்று உண்டு. 2024 ஜனவரி 25-ஆம் தேதி அவர் மகள் பவதாரிணி கொழும்பில் இறந்துபோனார். திருவாசகத்தில் அப்பாவோடு பாடிய குரல் அது. ‘பாரதி’யில் பாடியதற்காகத் தேசிய விருது வாங்கிய குரல். மகளைப் பறிகொடுத்த அதே வருஷத்தின் கடைசி மாதத்தில், எண்பத்தோரு வயதுத் தகப்பன் பாசுரங்களோடு வந்து நின்ற ஊர் எது என்று பாருங்கள். துளசிச் செடியடியில் கண்டெடுத்த பெண்ணைச் சீராட்டி வளர்த்து, அரங்கனுக்குக் கொடுத்துவிட்டு, வெறும் வீட்டுக்குத் திரும்பி வந்த பெரியாழ்வாரின் ஊர். தன் ஒற்றை மகளைப் பெருமாள் கொண்டுபோய்விட்ட வெறுமையை ஒரு தாயின் வாய்மொழியாகப் பெரியாழ்வார் பாடியிருக்கிறார். கல்யாணம் ஆகிப்போன பெண்ணை நினைத்து இந்த ஊர்ப் பெரியவர்கள் இன்றும் அந்தப் பதிகத்தைச் சொல்லிக் கண் கலங்குவார்கள். இளையராஜா எந்தத் துக்கத்தை எங்கே வைத்து மெட்டுப் போட்டார் என்று எவரும் சொல்ல முடியாது. நான் கேட்டதை மட்டும் சொல்கிறேன். அன்று கொட்டகையில் பாசுரம் ஒலித்தபோது, பெரியாழ்வாரும் ஒரு தகப்பன்தானே என்று முதல் தடவையாக நினைத்தேன். எத்தனையோ உபன்யாசம் கேட்டிருக்கிறேன். அப்படி நினைக்க வைத்தது இந்த இசைதான்.

மூன்றே மாதத்தில், 2025 மார்ச் 8 அன்று, அவர் லண்டன் மேடையில் நின்றார். ராயல் பில்ஹார்மோனிக் கான்சர்ட் ஆர்கெஸ்ட்ரா அவருடைய ‘வேலியண்ட்’ சிம்பொனியை வாசித்தது. அதைத் தமிழ்நாடே கொண்டாடியது. அரசு கௌரவித்தது. நானும்தான் தூங்காமல் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் லண்டனுக்கு முன்னால் வந்த ஸ்ரீவில்லிபுத்தூர் இன்னும் வாசல்படிச் செய்தியாகவே நினைவில் இருக்கிறது. இணையத்தில் ஊர்ப் பெயரையும் அவர் பெயரையும் சேர்த்துத் தேடினால் வந்து குவிவது அந்த வீடியோதான். எங்கள் ஊருக்கு இது நியாயமில்லை. அவருக்கும் நியாயமில்லை.

ஆகவே ஊர்க்காரனாகவும் ரசிகனாகவும் ஒரு கோரிக்கை வைக்கிறேன். வருகிற மார்கழியில் ‘திவ்ய பாசுரங்க’ளை இதே ஆடிப்பூரக் கொட்டகையில் முழு இசைக்குழுவோடு நேரடியாக நடத்த வேண்டும். நாட்டியம் வேண்டாம், பேச்சு வேண்டாம், பாட்டு மட்டும். அரையர்களும், கோஷ்டியில் பாசுரம் சேவிக்கிற பெரியவர்களும், சுற்றுவட்டாரத்து நாதஸ்வரக்காரர்களும் முன்வரிசையில் உட்காரட்டும். ராஜபாளையத்து மில்களில் அன்று ராத்திரி ஷிப்ட்காரர்களுக்கு மாற்று விடுப்பு கிடைக்க மில்காரர்கள் மனசு வைக்கட்டும். அழைப்பிதழை எடுத்துக்கொண்டு போய் அவரை நேரில் அழைத்து வர வேண்டியது கோயிலும் ஊர்ப் பெரியவர்களும். மேளதாளத்தோடு மேல ரத வீதியில் வரவேற்க வேண்டியது நாங்கள். அந்தச் செலவுக்கு ரசிகர்கள் பணம் போடத் தயார். முதல் பங்கு என்னுடையது.